தேன்குழல் அச்சு கனத்த நாள்

2023 தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் பலகாரம் போடுவதற்காக நான் வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய வீட்டின் பின்கட்டில் மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. தேன்குழல் மாவை அச்சில் அடைத்து, எண்ணெய்க்கு மேலே பிடித்து அழுத்தினேன். மாவு இறங்கவில்லை. பதம் கெட்டியாகிவிட்டது போல என்று தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி அடைத்தேன். அப்போதும் பாதிதான் இறங்கியது. கை நடுங்கியது, மூச்சு இரைத்தது. பக்கத்தில் சீப்புச் சீடை சுருட்டிக்கொண்டிருந்த அக்கா அச்சை வாங்கி அதே மாவை அழுத்தினார். சரசரவென்று இறங்கியது.

மாவில் குறை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. குறை என் இதயத்தில் என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் நான் செய்ததையெல்லாம் என் இடத்தில் இருக்கும் பலரும் செய்வார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு 37 வயது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. என் அப்பா வீட்டிலும் யாருக்கும் இதய நோய் கிடையாது. பன்னிரண்டு வருடமாகப் பலகார வேலை. வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஒரு வாரம் போல நடந்து போய்ச் சேருவோம். ஒன்பது வருடம் தொடர்ந்து போயிருக்கிறேன். நெஞ்சு வலி என்றால் அது ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு வருவது, எனக்கு வந்தால் அது வாயு. என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து தொண்டை வலியோடு வந்தாள். அவளுக்கு ஒரே நாளில் சரியாகிவிட்டது, எனக்குப் பிடித்துக்கொண்டது. காய்ச்சல், தொண்டை எரிச்சல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, முதுகிலிருந்து கெண்டைக்கால் வரை வலி. ஆயுத பூஜை அன்று அச்சுகளுக்கும் அடுப்புக்கும் பொட்டு வைக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை, மகள்தான் வைத்தாள். விஜயதசமிக்கு மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. விட்ட அன்றைக்கே மாவு மில்லுக்குப் போனேன். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போக வேண்டிய பெட்டிகளின் கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பு வலி மட்டும் விடவில்லை. மெடிக்கல் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று ஒரு வாரத்துக்கு மேல் போட்டேன். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றேன்.

அச்சு இறங்காத அன்று சாயங்காலம் நெஞ்சில் ஒரு இறுக்கம் ஆரம்பித்தது. குத்தல் கிடையாது, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். விடவில்லை என்றதும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு வேகமாக இருக்கிறது, பண்டிகை டென்ஷன், ரத்தமும் குறைவாக இருக்கும் என்று சொல்லி வாயுவுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். எனக்கும் அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. அங்கே ஒன்று சொல்லாமல் விட்டேன்: இரண்டு வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்தது என்பதை. அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

மறுநாள் உட்கார்ந்தபடி வேலை பார்த்தேன். மதியம் கொலுசு காலில் பதிந்து தடம் போட்டிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தேன். ராத்திரி படுத்தபோதுதான் பயம் வந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. ஒரு தலையணை, இரண்டு, மூன்று என்று அடுக்கிப் பார்த்தேன். கடைசியில் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்தேன். மாமியாரை எழுப்பவில்லை. கணவர் சிங்கப்பூரில் இருந்தார், அவருக்கும் போன் செய்யவில்லை. தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

விடியற்காலை அடுப்படிச் சாவி வாங்கப் போனபோது வீட்டுக்கார ஆச்சி முகப்பில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும், “என்னத்தா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?” என்றார். ராத்திரி உட்கார்ந்தே இருந்ததைச் சொன்னேன். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. “எங்க செட்டியாருக்குக் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு. படுத்தா முட்டும், உக்காந்தா விடும். இது வாயு இல்லத்தா. அடுப்பப் பத்த வைக்காத, ஆஸ்பத்திரிக்குப் போ” என்று சொல்லி, அவரே ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். அந்தக் காலையில் அவர் சாவியைக் கொடுத்திருந்தால் நான் அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இளம் செவிலியர் என் விரலில் கருவியை மாட்டினார். ஆக்சிஜன் 91, நாடித் துடிப்பு 126. ரத்த அழுத்தம் 90க்கு 60. ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் மாரடைப்பாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு 14 மாத்திரைகளை ஒரே தடவையில் விழுங்கச் சொன்னார். 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு சந்தேகம் வந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் அங்கேயே கொடுக்கும் முதல் வேளை மாத்திரைகள் அவை. 108 வந்தது. காரைக்குடியில் நிறுத்திப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். தொண்ணூறு கிலோமீட்டர் போல இருக்கும். மேலூர் தாண்டும்வரை மாமியார் என் காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

மதுரையில் முதலில் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை செல்கள் காயப்பட்டால் அவற்றுக்குள் இருக்கும் இந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். எனக்கு அது பல மடங்கு கூடியிருந்தது. அடுத்து, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ. இதயம் ஒரு முறை சுருங்கும்போது உள்ளே நிறைந்திருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று அதில் கணக்கிடுவார்கள், அதை ஈஎஃப் என்பார்கள். சராசரியாக 55 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும், எனக்கு 30. டாக்டர் திரையைக் காட்டி, “தசைக்கு அழுத்திப் பிழிய சக்தி இல்லம்மா” என்றபோது எனக்கு அச்சு ஞாபகம்தான் வந்தது. மாவு நிறைந்திருக்கிறது, பிடி இறங்க மாட்டேன் என்கிறது. முன்னால் போக வேண்டிய ரத்தம் போகாததால் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. படுத்தால் முட்டியதும், கொலுசு பதிந்ததும் அதனால்தான்.

இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். மூன்று ரத்தக் குழாய்களும் சுத்தமாக இருந்தன, அடைப்பே இல்லை. மாமியார் வெளியே கையெடுத்துக் கும்பிட்டாராம். உள்ளே டாக்டர் என்னிடம் வந்து, “போன ஒரு மாசத்துல காய்ச்சல், சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். அத்தனையும் இருந்தது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அப்போதுதான் அந்தப் பெயரைச் சொன்னார்: மயோகார்டைட்டிஸ், இதயத் தசை அழற்சி, அதாவது இதயத் தசை புண்பட்டு வீங்குவது.

அவர் விளக்கியதையும் பின்னால் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில வைரஸ்கள் அபூர்வமாக இதயத் தசைக்குள்ளும் போய்விடும். காக்ஸாகி, அடினோ, பார்வோ பி19, இன்ஃப்ளுயன்சா, கொரோனா இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் பக்கத்தில் டெங்குவும் செய்யும். வைரஸ் நேராகச் சில செல்களைக் கெடுக்கும், அதை விரட்ட வரும் நம் நோய் எதிர்ப்புச் சக்தியும் தசையைச் சேர்த்துத் தாக்கும். அதனால் காய்ச்சல் இருக்கும்போது ஒன்றும் தெரியாமல், அது விட்டு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் நெஞ்சு வலி, இரைப்பு, படபடப்பு என்று தலைகாட்டுவது சகஜம். எந்த வியாதியும் இல்லாத இளவயதுக்காரர்களுக்கும் வரும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். சிலருக்கு லேசாக வந்து தெரியாமலேயே ஆறிவிடும், சிலருக்கு ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வந்தது எந்த வைரஸ் என்று கடைசிவரை தெரியவில்லை. டெங்கு, உண்ணிக் காய்ச்சல் இரண்டுக்கும் சோதனை செய்து இல்லை என்றார்கள். பல பேருக்கு எந்த வைரஸ் என்று தெரிவதே இல்லையாம், தெரிந்தாலும் பெரும்பாலும் வைத்தியம் மாறப்போவதில்லை என்றார் டாக்டர். காக்ஸாகி என்பது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் பெயர். 1948இல் அந்த ஊர்க் குழந்தைகளிடம் எடுத்த மாதிரியில் அந்த வைரஸைக் கண்டுபிடித்ததால் ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. இதைப் படித்தபோது அந்த ஊர்க்காரர்களை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. ஆத்தங்குடி என்றால் உலகத்துக்கு அழகான தரைக்கல் ஞாபகம் வருகிறது, அவர்களுடைய ஊர்ப் பெயரைச் சொன்னால் நோய் ஞாபகம் வருகிறது.

நோயை உறுதிசெய்ய எம்ஆர்ஐ எடுத்தார்கள். கையில் ஒரு மருந்தை ஏற்றி, குகைக்குள் படுக்க வைத்து, மூச்சைப் பிடி, விடு என்று முக்கால் மணி நேரத்துக்கு மேல். தசையில் எங்கே வீக்கம், எங்கே காயம் என்று அதில் தெரியும். மாரடைப்புக் காயம் இதயச் சுவரின் உள்பக்கத்திலிருந்து தொடங்கும். இந்த அழற்சிக் காயம் பெரும்பாலும் வெளிப்பக்கமாகவோ நடுவிலோ இருக்கும். எனக்கு வெளிப்பக்கம் இருந்தது. தசையிலிருந்து ஊசியளவு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் உண்டு, நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் அதை யோசிப்பார்களாம். எனக்குத் தேவைப்படவில்லை.

ஐசியுவில் ஐந்து நாள் இருந்தேன். வைரஸைக் கொல்ல என்று தனி மருந்து எதுவும் கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு முதலில் ஆச்சரியம். நீரை இறக்க ஊசி, இதயத்தின் பாரத்தைக் குறைக்க மாத்திரை, கொஞ்சம் நிலைப்பட்டதும் துடிப்பை நிதானமாக்க ஒரு மாத்திரை, அப்புறம் இருபத்து நான்கு மணி நேரமும் மானிட்டர். அழற்சி இருக்கும்போது துடிப்பின் தாளம் திடீரென்று தப்பிப் போகலாம், அதனால்தான் உன்னை இங்கே வைத்திருக்கிறோம் என்றார் இரவு நேர டாக்டர். தீபாவளி அன்று ராத்திரி தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அனுப்பாத பெட்டிகளுக்காக அன்றைக்கு நான் அழவில்லை. மூன்று தலையணை இல்லாமல் ஒரே தலையணையில் தூங்க முடிந்தது, அதற்காக அழுதேன்.

வலி மாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள். நான் போட்டது டைக்ளோஃபினாக் வகை. இதயத் தசை அழற்சியில் அந்த வகை வலி நிவாரணிகள் அழற்சியைக் கூட்டலாம், உடம்பில் நீரையும் தேக்கும், இனி நீயாக வாங்கிப் போடாதே, காய்ச்சலோ வலியோ வந்தால் பாராசிட்டமால் போதும் என்றார்கள். இதயத்தின் வெளியுறையில் மட்டும் அழற்சி வருகிறவர்களுக்கு டாக்டர்களே அந்த வகை மாத்திரையை எழுதிக்கொடுப்பதும் உண்டாம். எனவே யாருக்கு எது என்பதை மெடிக்கல் கடையிலும் பக்கத்து வீட்டிலும் முடிவு செய்யக் கூடாது.

என்னை மிகவும் உலுக்கியது எலிகளின் கதை. 1970இல் வெளியான ஒரு ஆய்வில், காக்ஸாகி வைரஸ் தொற்றிய எலிகளைக் கட்டாயமாக நீந்த வைத்துப் பார்த்தார்கள். சும்மா விடப்பட்ட எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸும் சேதமும் மிக அதிகமாக இருந்தன. அந்தப் பதினான்கு மணி நேர வேலைதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். “உங்க விஷயத்துல அப்படின்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா தொற்று இருக்கும்போது உடம்பை வருத்தக் கூடாதுங்கிறது உறுதி” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கையில் இரண்டு பக்க மருந்துச் சீட்டு, காதில் டாக்டரின் ஒரே ஒரு கட்டளை: ஆறு மாதத்துக்குக் கடினமான வேலை கிடையாது. குடம் தூக்கக் கூடாது, மாவு பிசையக் கூடாது, அடுப்புச் சூட்டில் நிற்கக் கூடாது, வீட்டுக்குள் நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கும் மூன்றிலிருந்து ஆறு மாதம் இதே கட்டுப்பாடுதான். என் அண்ணன் மகன் கால்பந்துப் பைத்தியம். கனடா வீரர் அல்ஃபோன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு இதே நோய் வந்ததையும், மூன்று மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு ஏப்ரலில் மறுபடி களத்துக்கு வந்ததையும் போனில் காட்டினான். “அத்தை, அவரே உக்காந்துட்டாரு, நீங்க உக்கார மாட்டீங்களா?” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உட்காருவது கொஞ்சம் எளிதாயிற்று.

உட்காருவதுதான் இந்த வைத்தியத்தில் மிகக் கஷ்டம். மூன்றாவது வாரமே உடம்பு லேசாகிவிட்டது. வெளியே பார்த்தால் எனக்கு ஒன்றுமே இல்லை. கை கால் நன்றாக இருக்கிறது, கட்டு இல்லை, தழும்பு இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் “நல்லாத்தானே இருக்கே” என்றார்கள். நாத்தனார் தன் வேலையை விட்டுவிட்டு வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் உட்கார்ந்து பதம் சொல்லிக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. ஒரு நாள் யாரும் இல்லாதபோது ஒரு தவலைத் தண்ணீரைத் தூக்கிவிட்டேன். பத்து எட்டு வைப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆறு வாரத்தில் எடுத்த எக்கோவில் 44 என்று வந்தபோதுதான், பாதி வழிதான் வந்திருக்கிறேன் என்று புரிந்தது. வீட்டில் யாருக்காவது இது வந்தால், “நல்லாத்தானே இருக்கே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

உப்பு பெரிய பிரச்சினை. செட்டிநாட்டுச் சாப்பாட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டாம். மோர் மிளகாய், வத்தல், அப்பளம், ஊறுகாய், உப்புக் கறி எல்லாம் நின்றது. அதைவிடப் பலகாரக்காரிக்குக் கஷ்டமானது, மாவை வாயில் வைத்து உப்புப் பார்ப்பது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வைப்பேன் என்று அதுவரை எண்ணியதே இல்லை. அந்த வேலையை நாத்தனாரிடம் கொடுத்தேன். தண்ணீர் முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று அளவு. ஒன்றரை லிட்டர் பாட்டிலைக் காலையில் நிரப்பி வைத்துக்கொண்டு, காபி குடித்தால் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவேன். இந்த முறையை எனக்குச் சொல்லித் தந்தது வார்டில் இருந்த ஒரு செவிலியர். கண்ணால் பார்க்க முடிவதால் ஏமாற முடியாது.

தினமும் காலையில் கழிப்பறை போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்துக் காலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை கிடையாது, தேங்கும் நீர், உடனே போன் செய்ய வேண்டும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது, ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு. நீர் மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூட்டினார்கள், இறங்கிவிட்டது. கால் வீங்கும்வரை காத்திருந்திருந்தால் மறுபடி மதுரைக்குப் போயிருக்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இதயத்தின் பாரத்தைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் சில வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல். இன்னொரு குழந்தை யோசனை இருந்தாலோ நாள் தள்ளிப்போனாலோ உடனே சொல்லுங்கள் என்று பெண் டாக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நானாக அதைக் கேட்டிருக்க மாட்டேன். கூச்சப்படாமல் நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி, “கொரோனா ஊசி போட்டதாலயா?” என்பது. நானும் டாக்டரிடம் கேட்டேன். ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்குப் பிறகு மிக அபூர்வமாக, பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு, ஊசி போட்ட சில நாட்களுக்குள் இந்த அழற்சி வந்தது உண்மை. அநேகமாக லேசாக வந்து சரியானது. நம் ஊரில் பெரும்பாலும் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும், அவை அந்த வகை கிடையாது. எனக்கு ஊசி போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது, காய்ச்சல் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கொரோனா நோயே இதயத் தசையைத் தாக்கும் வாய்ப்பு ஊசியைவிட அதிகம் என்றும் சொன்னார். கேட்ட ஒவ்வொருவரிடமும் இதைப் பொறுமையாகச் சொன்னேன். பயத்தில் கேட்பவர்களிடம் கோபப்பட்டுப் பயன் இல்லை.

அந்த வருடம் தைப்பூசம் 2024 ஜனவரி 25. பாதயாத்திரை கிளம்பும் நாள் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உயிர் பிழைத்து வந்திருக்கிறேன், இந்த வருடம் போகாமல் எந்த வருடம் போவது? மாமியாருக்கும் அந்த ஆசை இருந்தது, வாய் திறந்து சொல்லவில்லை. டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கை கூப்பினார். “அம்மா, இந்த வருஷம் உங்க இதயத்துக்கு நடை வேண்டாம். முருகனுக்கு இது தெரியாதா?” என்றார். குன்றக்குடிக்குக் காரில் போய், மலையடிவாரத்தில் நின்று காவடிகள் போவதைப் பார்த்தேன். என் கூட நடப்பவர்கள் வரிசையிலிருந்து விலகி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

2024 மே மாதம் ஆறு மாதம் முடிந்தது. எக்கோவில் 57. இருபத்து நான்கு மணி நேரம் உடம்பில் கட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவியில் தாளம் தப்பவில்லை. டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்தார்கள், அதுவும் சரி. எம்ஆர்ஐயில் வீக்கம் முழுதாக வற்றியிருந்தது, வெளிச்சுவரில் சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. அதற்காக வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். இந்த 57 மாத்திரையோடு சேர்ந்த 57, அவசரப்பட்டு நிறுத்தினால் சிலருக்கு மறுபடி சரிந்துவிடுகிறது என்றார். ஒவ்வொன்றாக, அவர் சொல்லும்போது மட்டும் குறைக்கிறோம். இரண்டு மாத்திரை இன்னும் தொடர்கிறது.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு இதயம் பெரிதாகி, சக்தி குறைந்தபடியே நின்றுவிடுகிறது. மிகச் சிலருக்கு மாற்று இதயம்வரை போகிறது. வார்டில் என் எதிர்க் கட்டிலில் இருந்த கல்லூரிப் பையன் முதல் மூன்று நாள் இயந்திரங்களின் உதவியில்தான் இருந்தான், அவன் அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். எனக்கு முன்னால் அவன் நடந்து வீட்டுக்குப் போனான். முதல் சில நாட்களில் சரியான இடத்தில் இருந்துவிட்டால், மோசமாக ஆரம்பித்ததுகூட நன்றாக முடியலாம் என்பதை அவனிடம் கண்ணால் பார்த்தேன்.

இப்போது யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன ஒரு மாதத்துக்குள் நெஞ்சில் இறுக்கம், வழக்கமான வேலைக்கே இரைப்பு, சும்மா இருக்கும்போதே படபடப்பு, மயக்கம், கால் வீக்கம், படுத்தால் முட்டுதல், இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் போங்கள். போன இடத்தில் முதல் வாக்கியமாகக் காய்ச்சலைச் சொல்லுங்கள். ஈசிஜி மட்டும் எடுத்து அனுப்பினால், ட்ரோபோனினும் எக்கோவும் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள், ஏனென்றால் இந்த நோயில் ஈசிஜி பெரிதாக ஒன்றும் காட்டாமலும் இருக்கலாம். அப்புறம், உங்கள் உடம்புக்கு நீங்கள் அன்றாடம் வைத்திருக்கும் அளவை நம்புங்கள். எனக்கு அது அச்சு. உங்களுக்கு அது மாடிப்படியாக இருக்கலாம், வயலுக்குப் போகும் வரப்பாக இருக்கலாம், சைக்கிள் மிதித்து ஏறும் பாலமாக இருக்கலாம். நேற்றுவரை சுலபமாக முடிந்தது இன்று முடியவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அடுப்படியில் இப்போது கையால் அழுத்தும் அச்சு இரண்டுதான், மற்றதற்கு மெஷின் வாங்கிவிட்டோம். வேலைக்கு வரும் பெண்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், விட்ட பிறகு ஒரு வாரம் சம்பளத்தோடு உட்கார்ந்த வேலை, பெட்டி கட்டுவது, சீட்டு ஒட்டுவது. ஆரம்பத்தில் கணக்கு இடித்தது. இப்போது பண்டிகைக் காலத்துக்கு இரண்டு பேரைக் கூடுதலாக வைத்துச் சமாளிக்கிறோம்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. டாக்டர் பத்து கிலோமீட்டர் வரை நடக்க அனுமதி கொடுத்தார், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து. கூட்டத்தோடு காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினேன். மாமியார் ஒரு மடக்கு நாற்காலியோடு ஆட்டோவில் பின்னாலேயே வந்தார். நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறுவதற்குள் குன்றக்குடி வந்துவிட்டது. சண்முகநாதரை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டேன், படி ஏறவில்லை. காவடிகள் சாலையில் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் காவடி கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு, மாமியாரோடு ஆட்டோவில் ஏறிக் கோட்டையூருக்குத் திரும்பினேன்.